நோயாளியைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

தோட்டத்தில் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தாலோ, மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலோ லயம் முழுவதும் திரண்டு வருகின்றது. வண்டி பிடிப்பவர் ஒருவர், காசு சேர்ப்பவர் ஒருவர், இரத்தம் கொடுக்கக் கொழும்புக்குப் புறப்படுபவர் இன்னொருவர். இந்த ஒற்றுமை எமது மக்களின் பெருஞ்சொத்து. ஆயினும் ஒரு வருடம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் இஸ்தோப்பில் இருவரை மாத்திரமே காண்போம். ஒருவர், தலையில் தையல் வடுவுடன் சுவரைப் பார்த்தபடி இருக்கும் நோயாளி. மற்றவர் அவருடைய மனைவி, அல்லது தாய், அல்லது படிப்பை இடையில் நிறுத்திய மகள். வருவோர் போவோர் எல்லோரும் "அவருக்கு இப்ப எப்படி?" என்று விசாரிக்கின்றனர். "உனக்கு எப்படி?" என்று அவளிடம் கேட்பவர் மிகச் சிலரே. அவளைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகின்றோம்.

எமக்குத் தூரத்து விடயமன்று

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய தொடங்கி பெல்மதுளை, காவத்தை, இறக்குவானை வரையிலான சபரகமுவத் தோட்டங்களில் தலையில் அடிபடும் வழிகள் பல. பலா, தென்னை, கித்துள் மரங்களிலிருந்து விழுகின்றார்கள். மழைக்கு வழுக்கும் மலைப்பாதையில் சறுக்குகின்றார்கள். தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் போகின்றார்கள். குடிபோதைச் சண்டையில் பொல்லடி படுகின்றார்கள். தோட்டச் சம்பளம் போதாமல் மாணிக்கக் குழிக்குள் இறங்கும் இளைஞர்கள் மண் சரிந்து புதையுண்டோ, காற்றுக் குறைந்து மயங்கியோ மீட்கப்படுவதும் உண்டு. சில நிமிடங்கள் மூச்சுத் தடைப்பட்டாலே மூளை பழுதடையும். அப்போது தலையில் ஒரு கீறல்கூட இராது. ஆனால் அதுவும் மூளைக் காயமே.

இடம்பெயர்ந்த குடும்பங்களாகிய உங்களுக்கு இது மேலும் நெருக்கமான விடயம். 1977, 1981, 1983 வன்செயல்களில் இத்தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்களுள் பலர், 2009 வரை நீடித்த யுத்தத்தில் மீண்டும் மீண்டும் ஓடினர். தலைக்குள் ஷெல் துண்டுடன் வாழ்பவர்களை அவர்களுடைய வீடுகளில் இன்றும் காணலாம். மலையோடு இருந்தவர்களையும் மலை விட்டுவைக்கவில்லை. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன.

பிழைத்தவர் பழைய ஆள்தானா?

கை முறிந்தவர் கை முறிந்த அதே ஆளாக வீடு திரும்புகின்றார். மூளை அடிபட்டவர் சில வேளைகளில் வேறொரு ஆளாகத் திரும்புகின்றார். எட்டியாந்தோட்டைப் பக்கத் தாய் ஒருவர் எம்மிடம் கூறினார்: "புள்ளைக்குப் பேச்சு வந்திருச்சு சாமி. ஆனா பேசுறது என் புள்ள இல்ல."

இது அந்தத் தாயின் கற்பனையன்று. 1848ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும் இடத்தில் பினியஸ் கேஜ் என்ற இளைஞர் மேற்பார்வையாளராக இருந்தார். தோட்டத்து வழக்கில் கங்காணி எனலாம். பாறை உடைக்க வெடிமருந்து இடித்தபோது அது வெடித்து, ஒரு மீற்றருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி அவருடைய கன்னத்தால் புகுந்து மண்டை உச்சியால் வெளியேறியது. அவர் இறக்கவில்லை. நடந்தார், பேசினார். ஆனால் எல்லோராலும் விரும்பப்பட்ட அந்த நிதானமான மனிதர், எடுத்தெறிந்து பேசுபவராகவும் ஒரு முடிவில் நில்லாதவராகவும் மாறிவிட்டார் என்று அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் எழுதிவைத்தார். பிற்காலத்தில் அவர் ஓரளவு தேறி, சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உடல் நலிந்ததும் தாயிடம் வந்துசேர்ந்து, 1860இல் வலிப்புக் கண்டு இறந்தார். அவருடைய மண்டையோடு இன்றும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டிருக்கின்றது; அவருடைய மூளையைப் பற்றி எழுதப்பட்டவையோ ஏராளம். நோயுற்று வந்த மகனை வைத்துப் பார்த்த அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டது என்று எழுதியவர்கள் அரிது.

நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியே கோபத்தை அடக்கவும், பொறுமையாக இருக்கவும், இடம் பொருள் அறிந்து பேசவும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்கவும் உதவுகின்றது. அது அடிபட்டால் சிறு சத்தத்துக்கும் சீறுவார். வாயில் வந்ததைப் பேசுவார். அல்லது சொன்னாலொழிய எழும்பமாட்டார். இதை அறியாத வீட்டார் "வேணும்னே செய்றார்", "சோம்பேறி ஆயிட்டார்", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று நினைக்கின்றனர். அறியாமைக்கு அவர்களைக் குறை கூற முடியாது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது மருந்தும் கிளினிக் திகதியும் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. 'உன் கணவர் இனி வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும். அது காயத்தின் வேலை, உன்மேல் உள்ள வெறுப்பன்று' என்பதை அவளுடைய மொழியில் உட்கார்ந்து சொல்பவர் பெரும்பாலும் இல்லை. அந்த அரை மணி நேரப் பேச்சு ஒரு குடும்பத்தின் பல வருடத்து மனக்கசப்பைக் குறைத்திருக்கும்.

எட்டும் கருமாதியும் இல்லாத துக்கம்

சாவு வீட்டுக்கு எம்மிடையே ஒரு முறை உண்டு. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் சோறு கொண்டுவருவர். ஒப்பாரி வைத்து அழலாம். எட்டு, கருமாதி, வருடத் திவசம் என்று துக்கத்துக்குப் படிகள் உண்டு. அந்தப் படிகளில் இறங்கி மனிதர் மெல்ல மெல்ல வேலைக்கும் சிரிப்புக்கும் திரும்புகின்றனர். மூளை அடிபட்டவருடைய மனைவிக்கு இப்படிகளில் ஒன்றேனும் இல்லை. தன்னோடு பேசிச் சிரித்த மனிதரை அவள் இழந்துவிட்டாள். ஆனால் அவர் எதிரே இருந்து தேநீர் கேட்கின்றார். "அழுதா, உசிரோட இருக்கிற மனுசனுக்கு அழுவுறியான்னு ஏசுறாங்க சாமி" என்றார் ஒரு பெண்.

பாலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன படையினரின் மனைவியரை 1970களில் ஆராய்ந்து, இத்தகைய துக்கத்துக்கு முடிவு தெரியாத இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் கொடுத்தார். அது இரண்டு வகை என்பது அவர் கண்டது. ஆள் இல்லை, ஆனால் மனதில் இருக்கின்றார் என்பது ஒன்று. ஆள் இருக்கின்றார், ஆனால் அவருடைய பழைய மனம் இல்லை என்பது மற்றது. முதலாவது வகையை எமது நாட்டில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. காணாமற்போன பிள்ளையின் படத்தைக் கையில் ஏந்தித் தெருவோரத்தில் இருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களுடைய துக்கத்தை மதிக்கின்றோம். இரண்டாவது வகைத் துக்கம் லயத்து அறைக்குள் இருப்பதால் அதைக் காணாமல் போகின்றோம். இரண்டும் ஒரே மரத்தின் இரு கிளைகள்.

ஐந்தாவது வருடத்தில்

காலம் போனால் பழகிவிடும் என்பது பொதுவான எண்ணம். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நீல் புறூக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் தலையில் பலத்த காயமடைந்தோரின் உறவினர்களைப் பல வருடம் தொடர்ந்து விசாரித்து, 1986இல் தாம் கண்டதை வெளியிட்டனர். காயம்பட்டவருடைய குணம் மாறிவிட்டது என்று முதல் வருட முடிவில் கூறிய உறவினர் 100க்கு 60 பேர். ஐந்தாவது வருடத்தில் அவ்வாறு கூறியோர் 74 பேர். உறவினர் தாங்கிய மனப்பாரமும் முதல் வருடத்தைவிட ஐந்தாவது வருடத்திலேயே கூடியிருந்தது. பார்க்க வருவோரோ முதல் வருடத்தோடு நின்றுவிடுகின்றனர். பாரம் ஏறஏறக் கைகள் குறைகின்றன என்பதே இதன் பொருள்.

வசதிகள் நிறைந்த நாட்டிலேயே இந்நிலை. இங்கே, ஓர் அறையும் ஒரு குசினியுமுள்ள லயத்தில், பக்கத்து வீட்டு வானொலிச் சத்தத்துக்கே கணவர் சீறும்போது அவரை எங்கே ஒதுக்கி இருத்துவது? கிளினிக் நாளில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். வேலைக்குப் போனாலோ, அவர் அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்துவிடுவாரோ என்ற பயத்தில் கொழுந்து கிள்ளும் கை நடுங்கும்.

இப்பெண்கள் "மனம் சரியில்லை" என்று சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது", "தலை கிறுகிறுங்குது", "உடம்பெல்லாம் நோவுது", "ராவுல தூக்கமில்ல" என்பார்கள். தோட்டத்து மருந்துச்சாலையில் பனடோல் கிடைக்கும். அது உடம்புக்கு. சாப்பாடு வெறுத்தல், பிள்ளைகளைக் காரணமின்றி அடித்தல், சாமி கும்பிடவும் மனம் இல்லாது போதல், எல்லாம் முடிந்தால் நல்லது என்று எண்ணுதல் ஆகியவை மனம் நொறுங்குவதன் அடையாளங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அன்னைக்கே போயிருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்ற எண்ணம் இவ்வாறு பராமரிக்கும் பலருக்கு ஒரு நாளாவது வந்திருக்கும். வந்த பின் தம்மைக் கொலைகாரி போலவும் பாவி போலவும் எண்ணி உள்ளுக்குள் வேகின்றனர். அந்த எண்ணம் களைத்துப் போன மனதின் முனகல். அது பாவமன்று என்று குருவானவர்கள் என்ற முறையில் நாம் துணிந்து கூறுகின்றோம். அதை நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வதே அதன் கனத்தைக் குறைக்கும் வழி. தானே போய்விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தேசிய உளச்சுகாதார நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எந்த நேரமும் அழைத்துத் தமிழிலும் பேசலாம். இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளில் உளநலப் பிரிவுகள் உண்டு. வீட்டில் பூச்சிமருந்து, களைமருந்து வைக்காதிருங்கள். 1995இல் உலகிலேயே மிக உயர்ந்த மட்டத்தில் இருந்த எமது நாட்டின் தற்கொலைகள் பின்னர் பெருமளவு குறைந்ததற்கு, கொடிய மருந்துகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். நஞ்சு கைக்கு எட்டாதபோது அந்தக் கொடிய நேரம் கடந்து போகின்றது.

"தாங்கிக்கொள்" என்பது உதவியாகாது

"இது உன் சிலுவை", "இது போன பிறவி வினை", "தாலி கட்டியவனைப் பார்ப்பது பெண்ணின் கடமை" என்று ஆலயத்திலும் கோவிலிலும் உறவிலும் சொல்லப்படுகின்றது. ஆறுதலாகச் சொல்லப்பட்டாலும், பாரத்தை ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ள இவ்வார்த்தைகள் உதவுகின்றன. குறிப்பாக, அவர் அடிக்கின்றார் என்று அவள் சொல்லும்போது "நோயாளிதானே, பொறுத்துக்கொள்" என்பது ஆபத்தான புத்திமதி. காயம் காரணமாக அவர் அடிக்கலாம். அதற்காக அவள் அடி வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளுடன் அயல்வீட்டுக்கு விலகிப் போகவும், வைத்தியரிடம் இதை மறைக்காமல் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

"எங்கள் பெண்கள் காலங்காலமாகச் செய்ததுதானே" என்போருக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்னர் ஒரு லயத்தில் மாமியார், நாத்தனார், சின்னம்மா என்று நான்கு கைகள் இருந்தன. இடம்பெயர்வு அந்தக் கைகளைப் பிரித்துவிட்டது. அக்காள் வவுனியாவில், தங்கை இறக்குவானையில், மகள் மத்திய கிழக்கில், மகன் கொழும்புக் கடையில். புதிய குடியேற்றத்தில் பக்கத்து வீட்டார் யாரென்றே தெரியாது. நால்வர் சுமந்ததை இன்று ஒருத்தி சுமக்கின்றாள்.

இந்த எண்ணம் எமக்கு மாத்திரம் உரியதன்று. பிரித்தானியாவில் நோயாளிகளைப் பராமரிப்போருக்கு 1976 முதல் அரச கொடுப்பனவு உண்டு. ஆயின் கணவருடன் வாழும் மனைவிமாருக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது நியாயமாகக் கூறப்பட்டது. தன் தாயைப் பராமரித்த ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை வழக்காடியதன் பின்னரே, 1986இல் அந்த அநீதி நீங்கியது. வீட்டில் செய்யும் பராமரிப்பும் ஒரு வேலை என்பதை ஏற்க ஒரு வழக்கு வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

நிலத்தோடு பழகியவர்களுக்கு இதன் மருந்து புதிதன்று. இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று ஆள் மாறி உழைப்பது எமது வழக்கம். அயல் சிங்களக் கிராமங்களில் இதை அத்தம் என்பார்கள். நாற்று நடுகையை ஒரு குடும்பம் தனியாகச் செய்வதில்லை. பராமரிப்பை மாத்திரம் ஏன் ஒருத்தியிடம் விடுகின்றோம்?

கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் பின்னர் ஊரூராகப் பரவியது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர் என்று அயலிலுள்ள சாதாரண மனிதர் கிழமையில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கிப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குப் போகின்றனர். அதே மாநிலத்தில், முழுநேரப் பராமரிப்பு வேண்டியோரைப் பார்க்கும் ஏழைக் குடும்பத்தவருக்கு மாதம் 600 இந்திய ரூபா வழங்கும் திட்டம் ஏற்பட்டது. தொகை சிறிது. ஆனால் பராமரிப்பவர் பெயரில் கொடுக்கப்படுவது பெரிது. எமது நாட்டில் வலுவிழந்தோருக்கான கொடுப்பனவு நோயாளியின் பெயரில் வருகின்றது. அது வேண்டியதே. வேலையை இழந்து வீட்டிலிருக்கும் பெண்ணையும் அரசு ஒரு நாள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது எமது கோரிக்கை.

குடும்பத்தாருக்குச் சொல்வது இது. ஆண்களும் முறை எடுங்கள். மகனுக்குத் தகப்பனைக் குளிப்பாட்டத் தெரியாது என்பது நொண்டிச்சாட்டு. கிழமையில் அரை நாளாவது அவள் அந்த வீட்டை விட்டு வெளியே போகட்டும். சந்தைக்கோ, தாய் வீட்டுக்கோ, சும்மா ஆற்றங்கரைக்கோ. நோயாளிக்கும் நன்மை தரும் சில வழிகள் உண்டு: ஒரு நேரத்தில் ஒருவர் மாத்திரம் பேசுதல், எழும்புவது முதல் படுப்பது வரை ஒரே ஒழுங்கு, இடையிடையே ஓய்வு. சாராயமும் கசிப்பும் அடிபட்ட மூளைக்கு நஞ்சு. வலிப்பு மருந்தை வைத்தியர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. முதல் சில மாதங்களில் தேறுதல் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் இருக்கும். வருடங்கள் கடந்தும் சிறுசிறு முன்னேற்றம் வரலாம்.

அயலாருக்குச் சொல்வது, புத்திமதியை விட்டு நேரத்தைக் கொண்டுபோங்கள் என்பதே. "இன்னும் சரியாகலையா?" என்று கேட்காதீர்கள். "ரெண்டு மணி நேரம் நான் இருக்கிறேன், நீ போய்ப் படு" என்று சொல்லுங்கள்.

தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுகின்றன. நோயாளியை வைத்திருக்கும் பெண்ணுக்குக் கிளினிக் நாளில் பேர் வெட்டக் கூடாது என்பதையும் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கட்டும். வேலைத்தளத்தில் அடிபட்டோருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டப்படி நட்டஈடு உண்டு. 2022 திருத்தத்தின்படி வேலைக்குப் போகும், வரும் வழியில் நேர்ந்த விபத்தும் அதில் அடங்கும். இதை அறியாமல் இழந்த குடும்பங்கள் உண்டு. பத்திரங்களை நிரப்பத் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரும் படித்த இளைஞரும் கைகொடுக்க வேண்டும்.

மாதர் சங்கங்களுக்கும் பங்குச் சபைகளுக்கும் கோவில் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தோட்டத்தில் மூளைக் காயமடைந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். பாரிசவாதம், மனநோய், பிறவி ஊனம் உள்ளோரையும் பராமரிப்பவர்களைச் சேர்த்தால் பத்து வீடுகள் தேறும். அவர்களை மாதம் ஒரு முறை கூட்டுங்கள். அந்நேரத்தில் நோயாளிகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டத்தில் பிரசங்கம் வேண்டாம். தேநீரும் பேச்சும் போதும். "எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன்" என்று ஒரு பெண் சொல்லும்போது இன்னொரு பெண் தலையசைப்பாளே, அதற்கு இணையான மருந்து எந்த மருந்துச்சாலையிலும் இல்லை.

வருகிற போயா தினத்துக்கு முன், உங்கள் லயத்திலோ குடியேற்றத்திலோ இத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கதவு பெரும்பாலும் சாத்தியிருக்கும் வீடாக அது இருக்கலாம். போயாவன்று அந்த வீட்டுக்கு இருவராகப் போங்கள். ஒருவர் நோயாளியோடு இருக்கட்டும். மற்றவர் அந்தப் பெண்ணோடு வாசலில் இருந்து அவள் சொல்வதைக் கேட்கட்டும். அடுத்த போயாவுக்கு யார் போவது என்பதையும் அன்றே தீர்மானித்துவிடுங்கள்.